சீட்டாட்ட மன்னன் ஸ்டூ உங்கர்

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931-ம் ஆண்டு முதல் மின்சார ரெயில் ஓடுகிறது. முன்பெல்லாம் அந்த ரெயிலில் நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, சீட்டுப் போடுவார்கள். குரோம்பேட்டையில் தொடங்கும் ஆட்டம் எழும்பூரில் முடியும். தோற்றவன் டீ வாங்கிக் கொடுப்பான். அதோடு சரி.

பிறகு செல்போன் வந்தது. சீட்டுக் கட்டு போனுக்குள் புகுந்துகொண்டது.

எதிரே உட்கார்ந்து ஆடுகிறவன் யார், எந்த ஊர் என்று தெரியாது. ராத்திரி, பகல் கிடையாது. பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று தெற்குப் புறநகர் முழுவதும், சம்பளம் வந்த அன்றே அதை ரம்மியிலும் போக்கரிலும் வைத்துத் தோற்றவர்கள் உண்டு. வீட்டுக்காரிக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாராளுமன்றம் சட்டம் போட்டு, போனில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தடை விதித்தது.

இவர்களில் ஒவ்வொருவரும் மனதுக்குள் நினைத்தது ஒன்றுதான். ஆட்டம் எனக்கு நன்றாக வருகிறது. இன்னும் கொஞ்சம் திறமை சேர்ந்தால் பணம் தானாக வரும் என்பதே அது.

சரி. திறமை முழுவதும் சேர்ந்த ஒருவர் இருந்தால் அவருக்கு என்ன ஆகும்?

அப்படி ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் பிறந்தவர். ரம்மியிலும் போக்கரிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று அவரிடம் தோற்றவர்களே ஒப்புக்கொண்டார்கள். அவர் பெயர் ஸ்டூ உங்கர்.

பத்து வயதில் பரிசு

1953-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி நியூயார்க் நகரில் அவர் பிறந்தார். யூதக் குடும்பம். தகப்பனார் ஒரு மதுக்கடை நடத்தினார். கடை பெயருக்குத்தான். உள்ளே நடந்தது சூதாட்டம். பந்தயப் பணம் வாங்குவது, வட்டிக்கு விடுவது, இவைதான் அவருடைய தொழில்.

ஆனாலும் தன் மகன் சீட்டைத் தொடக்கூடாது என்று அந்தத் தகப்பனார் நினைத்தார். சாராயக் கடை வைத்திருப்பவன் மகன் குடிக்கக்கூடாது என்று நினைப்பது போலத்தான்! பையன் கேட்கவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். பத்து வயதில் ஜின் ரம்மிப் போட்டி ஒன்றில் பெரியவர்களைத் தோற்கடித்துப் பரிசு வாங்கினான்.

1967-ல் தகப்பனார் மாரடைப்பால் இறந்தார். பையனுக்கு வயது 13. தாயாரோ பக்கவாதத்தில் படுத்துவிட்டார். கூட ஒரு சகோதரி. பையன் படிப்பை நிறுத்தினான். சீட்டாடிச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றத் தொடங்கினான்.

பதினெட்டு வயதில் நியூயார்க் தாதா ஒருவரின் ஆதரவு கிடைத்தது. அந்த ஆதரவு இல்லாவிட்டால், எதிராளியை முகத்துக்கு நேரே ஏளனம் செய்யும் அந்த வாய்த்துடுக்குக்கு, பையன் இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டான்.

ரம்மியில் அவர் எப்படிப்பட்டவர்? எதிராளி எடுக்கும் சீட்டையும் போடும் சீட்டையும் சில சுற்றுகள் பார்த்தால் போதும். அவன் கையில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அபாரமான ஞாபக சக்தி. பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தோற்றார்கள். கடைசியில் அவரோடு ரம்மி ஆட ஆளே கிடைக்கவில்லை.

மேஜையில் வென்ற பணம் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. நேராகக் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. கிண்டிப் பந்தய மைதானத்தில் சொத்தைத் தொலைத்தவர்களின் கதை நம் தாத்தாக்களுக்குத் தெரியும். அதே கதைதான் அங்கேயும். சீட்டில் ஜெயித்ததைக் குதிரையில் தோற்று, கடன் முற்றி, 1976 வாக்கில் நியூயார்க்கை விட்டே கிளம்பினார். மியாமிக்குப் போய், அங்கிருந்து லாஸ் வேகாசுக்கு வந்து சேர்ந்தார். சூதாட்டத்துக்கென்றே வாழும் ஊர் அது.

வந்த புதிதில் ஒரு பந்தயம் நடந்தது. பாப் ஸ்டூபாக் என்ற சூதாட்ட விடுதி முதலாளி ஒரு லட்சம் டாலர் பந்தயம் கட்டினார். ஆறு கட்டுச் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து, அதில் பாதியைக் காட்டினால், மீதிப் பாதியில் இருப்பவற்றைச் சொல்ல வேண்டும். உங்கர் சொன்னார். பந்தயப் பணத்தை வாங்கிக்கொண்டார். இந்த ஸ்டூபாக்கின் பெயர் கதையில் பின்னால் மறுபடி வரும்.

ஆட்டம் எப்படி?

ரம்மிக்கு ஆள் கிடைக்காததால் அவர் போக்கருக்கு வந்தார். அதிலும் நோ-லிமிட் ஹோல்டம் என்ற ஆட்டம். அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் அவருடைய திறமை புரியும்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. அது அவரவருக்கு மட்டும் தெரியும். பிறகு மேஜையில் மூன்று சீட்டுகளை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைப்பார்கள். இதற்குப் பிளாப் என்று பெயர். பிறகு நாலாவது சீட்டு. பிறகு ஐந்தாவது. கையிலிருப்பது இரண்டு, மேஜையிலிருப்பது ஐந்து, ஆக ஏழில் மிகச் சிறந்த ஐந்து சீட்டு யாரிடம் அமைகிறதோ அவருக்கே நடுவில் சேர்ந்த பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், விலகலாம், ஏற்றலாம். நோ-லிமிட் என்றால் கட்டும் தொகைக்கு வரம்பு இல்லை. எந்தக் கட்டத்திலும் ஒருவர் தன் முன்னால் இருக்கும் பணம் முழுவதையும் தள்ளிவிடலாம்.

இதில் ஆட்களைக் கவிழ்ப்பது மோசமான சீட்டு அல்ல. மோசமான சீட்டு வந்தால் சிறு பிள்ளையும் விலகிவிடும். ஏஸ் ஜோடி வந்தாலும் பெரிய குழப்பம் இல்லை. நடுத்தரமாக நல்ல சீட்டு வரும்போதுதான் ஆள் கவிழ்கிறான்.

ஒன்பது ஜோடி

உதாரணம் பார்ப்போம். உங்கள் கையில் இரண்டு ஒன்பது. மேஜையில் விழுந்த மூன்று சீட்டு 7, 4, 2. மூன்றும் வேறு வேறு சின்னம். மேஜையில் இருப்பதை எல்லாம் விட உங்கள் ஜோடி பெரியது. போக்கர்காரர்கள் இதை ஓவர்பேர் என்பார்கள். நாம் மேல்ஜோடி என்று வைத்துக்கொள்வோம்.

இந்த நிமிடத்தில் நீங்கள் முன்னால் நிற்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் இன்னும் இரண்டு சீட்டு வர வேண்டும்.

நீங்கள் பார்க்காத சீட்டு 47. அவற்றில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்று ஒன்பதை விடப் பெரியவை 20. அடுத்த இரண்டில் ஒன்றாவது அப்படி விழுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. விழுந்துவிட்டால் உங்கள் மேல்ஜோடி மேல்ஜோடியாக இருக்காது. உங்களுக்கு உதவக்கூடிய மூன்றாவது ஒன்பது வருவதற்கோ, பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

அப்படியானால் பேசாமல் இருப்பதா? கூடாது. எதிராளியிடம் ராஜாவும் ராணியும் இருக்கலாம். சும்மா விட்டால் நாலில் ஒரு முறை அவன் ஜோடி சேர்ந்து உங்களைத் தாண்டிவிடுவான். ஆகவே அடுத்த சீட்டைப் பார்க்க அவனிடம் விலை வாங்க வேண்டும். நடுவில் 100 ரூபாய் இருந்தால் 50, 60 கட்டலாம். அது நியாயம்.

சிக்கல் அதற்குப் பிறகு. நீங்கள் 60 கட்டியதும் எதிராளி தன்னிடமுள்ள 2,000 ரூபாயையும் தள்ளுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடமும் 2,000 இருக்கிறது. இப்போது அவன் கையில் என்ன இருக்கும்? ராஜாவும் ராணியும் வைத்திருந்தவன் பெரும்பாலும் விலகியிருப்பான். 2,000 தள்ளுகிறவனிடம் பத்து ஜோடியோ, அதற்கு மேலோ, மேஜையோடு சேர்ந்த மூன்று ஏழோ இருக்கலாம். அல்லது ஒன்றுமே இல்லாமல் மிரட்டலாம். சிறிய சீட்டுகள் விலகிப்போய், பெரிய சீட்டும் வெறும் மிரட்டலும் மட்டுமே எதிரே நிற்கும். நடுவில் பணம் பெருகப் பெருக, உங்கள் ஒன்பது ஜோடி சிறுத்துக்கொண்டே போகும்.

உங்களிடம் மொத்தமே 150 ரூபாய் இருந்தால் கணக்கு வேறு. அப்போது யோசிக்காமல் வைத்துவிடலாம். நடுவில் இருப்பதற்கு அது பெரிய தொகை அல்ல. சிறிய ஜோடி வைத்திருப்பவனும் துணிந்து வருவான். மேஜையில் 6, 5, 4 என்று வரிசையாக, ஒரே சின்னத்தில் விழுந்திருந்தால் அதுவும் வேறு கணக்கு. அங்கே ஒன்பது ஜோடியை நம்பக்கூடாது.

ஊரப்பாக்கத்தில் சொந்தமாக ஒரு சிறு வீடு வைத்திருப்பவர், வாடகைக்கு இருப்பவரை விட மேலான நிலையில்தான் இருக்கிறார். அதை நம்பி அவர் கொஞ்சம் தைரியமாகச் செலவு செய்யலாம். ஆனால் அந்த வீட்டுப் பத்திரத்தையே மேஜையில் வைத்தால்? ஒன்பது ஜோடிக்காரனும் அவரும் ஒன்றுதான்.

முதல் பட்டம்

உங்கரின் திறமை இந்த இடத்தில்தான். எதிரே பணத்தைத் தள்ளுகிறவன் பெரிய சீட்டுக்காரனா, மிரட்டுகிறவனா என்பதை அவர் கண்டுபிடித்துவிடுவார். சின்னச் சின்னத் தொகைகளை விடாமல் தட்டிப் பறித்துக்கொண்டே இருப்பார். எதிராளிக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

1980-ம் ஆண்டு லாஸ் வேகாசில் பினியன் விடுதியில் உலகப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 73 பேர் கலந்துகொண்டார்கள். உங்கருக்கு இந்த ஆட்டத்தில் அதிகப் பழக்கம் கூடக் கிடையாது. வயது 26. ஒல்லி, குள்ளம். பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்ததால் அவருக்குப் பொடியன் என்றே பட்டப்பெயர்.

கடைசியில் அவரும் டாயில் பிரன்சனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிரன்சன் சாதாரண ஆள் அல்ல. 1976, 1977 இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்றவர். போக்கர் ஆடுவது எப்படி என்று புத்தகமே போட்டவர்.

முடிவான ஆட்டத்தில் பிரன்சன் கையில் ஏஸும் ஏழும். மேஜையில் ஏஸ், 7, 2. இரண்டு ஜோடி சேர்ந்துவிட்டது! உங்கர் கையில் 5, 4. ஒன்றுமே இல்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு 3. அடுத்த சீட்டில் அது வருவதற்கு பதினொன்றில் ஒரு பங்கே வாய்ப்பு. பிரன்சன் பணம் கட்டினார். ஆனால் உங்கரை விரட்டும் அளவுக்குக் கட்டவில்லை. உங்கர் தொடர்ந்தார்.

வந்தது 3!

ஏஸ், 2, 3, 4, 5 என்று வரிசை சேர்ந்துவிட்டது. பிரன்சனின் பணம் முழுவதும் நடுவுக்கு வந்தது. முதல் மூன்று சீட்டில் முன்னால் நின்றவர் தோற்றார். உங்கருக்கு 3,65,000 டாலர் பரிசு. அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை.

அடுத்த ஆண்டும் அவரே. 1981-ல் 75 பேர். அலாஸ்காவைச் சேர்ந்த தோல் வியாபாரி பெர்ரி கிரீனைக் கடைசியில் தோற்கடித்து 3,75,000 டாலர் வாங்கினார்.

1990-ம் ஆண்டுச் சாம்பியன் மன்சூர் மட்லூபியோடு பின்னால் அவர் தனியாக ஆடிய ஓர் ஆட்டத்தை இன்றைக்கும் போக்கர்காரர்கள் பேசுகிறார்கள். மேஜையில் 3, 3, 7, ராஜா, ராணி. மட்லூபி பணம் முழுவதையும் தள்ளினார். உங்கர் கையில் இருந்தவை 10, 9. ஜோடி கூட இல்லை. சிறிது யோசித்தார். எதிராளியிடம் 4, 5 போன்ற குப்பைதான் இருக்கிறது என்று முடிவு கட்டினார். அந்தப் பத்தை மட்டும் நம்பிப் பணத்தை வைத்தார். மட்லூபி சீட்டைத் திருப்பினார். 5, 4!

இது அதிர்ஷ்டமா?

திறமையா, அதிர்ஷ்டமா?

நம் நாட்டுக் கோர்ட்டுகளும் இதே கேள்வியைத்தான் பல ஆண்டுகளாகக் கேட்டன. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1967-ல் சொன்னது. தமிழ்நாடு அரசு 2022-ல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை விசாரித்த சென்னை ஐகோர்ட்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் தீர்ப்பளித்து, அந்த இரண்டுக்கும் விதித்த தடையை நீக்கியது. பாராளுமன்றம் 2025-ல் போட்ட சட்டம் அந்தக் கேள்விக்கே போகவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்தால் தடை என்று சொல்லிவிட்டது.

உங்கர் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். திறமைதான். வீட்டில் இருக்கிறவர்கள் கேட்கும் கேள்வி வேறு. பணம் எங்கே என்பதுதான் அது.

மேஜையை விட்டு எழுந்ததும்

மேஜையில் உட்கார்ந்தால் எதிராளியின் கண் இமைப்பைக்கூடக் கவனிப்பவர், எழுந்துவிட்டால் வேறு ஆளாக மாறிவிடுவார். குதிரை ஓடினால் பந்தயம். கால்பந்து ஆடினால் பந்தயம். சரியாக ஆடத் தெரியாத கோல்ப் ஆட்டத்திலும் பந்தயம். மேஜையில் எந்தச் சீட்டுக்கு எவ்வளவு கட்டலாம் என்று அணு அணுவாகக் கணக்குப் பார்த்தவர், வெளியே எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளினார்.

அதோடு இன்னொரு சனியனும் பிடித்தது. 1979-ல் தாயார் இறந்தார். அந்தக் காலத்தில்தான் கொக்கெய்ன் பழக்கம் தொடங்கியது. நாள் கணக்கில் தூங்காமல் ஆடுவதற்கு அது உதவும் என்று நினைத்தார். பிறகு அது அவரை விடவே இல்லை.

1982-ல் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மகள் பிறந்தாள். மனைவியின் முதல் மகனையும் தன் பிள்ளையாகத் தத்து எடுத்துக்கொண்டார். 1986-ல் விவாகரத்து. பள்ளிப் படிப்பு முடிக்கும் வயதில் அந்த வளர்ப்பு மகன் இறந்து போனான். மகள் ஒருத்திதான் மிச்சம். அவளிடம் மட்டும் உங்கருக்குக் கடைசிவரை உயிர்.

1990-ல் உலகப் போட்டியில் மறுபடி உட்கார்ந்தார். இரண்டு நாளில் காசுகளை மலைபோலக் குவித்தார். மூன்றாம் நாள் நாற்காலி காலியாக இருந்தது. ஓட்டல் அறைத் தரையில் நினைவில்லாமல் கிடந்தார், போதைப்பொருளால். ஆள் இல்லாமலே அவருடைய காசிலிருந்து சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பணத்தை எடுத்தார்கள். அது கரைந்து தீருவதற்குள் மற்றவர்கள் பலர் தோற்று வெளியேறிவிட்டார்கள். வராத ஆட்டக்காரருக்கு ஒன்பதாவது இடம் கிடைத்தது!

மீண்டும் வந்தார்

1997. முதல் பட்டம் வாங்கி 17 ஆண்டுகள் ஓடிவிட்டன. கையில் காசு இல்லை. கழுத்து வரை கடன். கொக்கெய்னால் மூக்கின் உட்புறம் சிதைந்து முகமே மாறியிருந்தது. அதை மறைக்க நீல நிறத்தில் வட்டக் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

பில்லி பாக்ஸ்டர் என்ற நண்பர், போட்டி தொடங்கும் நேரத்தில் நுழைவுக் கட்டணம் 10,000 டாலரைக் கட்டினார். ஜெயித்தால் பாதிப் பணம் அவருக்கு. முதல் நாள் உங்கருக்கு நாற்காலியிலேயே தூக்கம் தள்ளியது. நண்பர்கள் அதட்டி, தைரியம் சொல்லி உட்கார வைத்தார்கள்.

இரண்டாம் நாள் முதல் பழைய உங்கர் திரும்பிவிட்டார். சட்டைப் பையில் மகளின் படம். போட்டியில் 312 பேர். ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். எதிரே மிஞ்சியவர் ஜான் ஸ்ட்ரெம்ப்.

இங்கேயும் அதே வேடிக்கை. ஸ்ட்ரெம்ப் கையில் ஏஸ், 8. உங்கர் கையில் ஏஸ், 4. மேஜையில் ஏஸ், 5, 3 விழுந்தது. இருவருக்கும் ஏஸ் ஜோடி. துணைச் சீட்டு ஸ்ட்ரெம்புக்கே பெரியது. இருவர் பணமும் நடுவுக்கு வந்துவிட்டது. நாலாவது சீட்டு இன்னொரு 3. அப்போதும் ஸ்ட்ரெம்ப்தான் முன்னால். ஐந்தாவது சீட்டு 2. உங்கருக்கு ஏஸ் முதல் 5 வரை வரிசை சேர்ந்துவிட்டது!

பரிசு பத்து லட்சம் டாலர். போட்டி போட்டு அந்தப் பட்டத்தை மூன்று முறை வென்றவர் அவர் ஒருவரே. ஜானி மாஸ் என்ற முதியவர் பெயரிலும் மூன்று பட்டங்கள் உண்டு. ஆனால் அதில் முதலாவது, 1970-ல், ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்தது.

பாதிப் பணம் பாக்ஸ்டருக்குப் போனது. மீதி ஐந்து லட்சம் டாலர் சில மாதங்களில் தீர்ந்தது. பந்தயமும் போதையும் பங்கு போட்டுக்கொண்டன.

1998 போட்டிக்கும் பாக்ஸ்டர் பணம் கட்டினார். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் உங்கர் மறுத்துவிட்டார். உடம்பில் தெம்பு இல்லை. இந்தக் கோலத்தில் எல்லோர் முன்னாலும் போய் உட்கார முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஆண்டு கடைசியில் பாப் ஸ்டூபாக் முன்வந்தார். 1977-ல் சீட்டுப் பந்தயத்தில் லட்சம் டாலர் தோற்றவர் அல்லவா, அவரேதான். கடன்களை அடைக்கிறேன், எனக்காகப் போட்டிகளில் ஆடுங்கள் என்று ஒப்பந்தம் பேசி, கொஞ்சம் முன்பணமும் கொடுத்தார்.

நவம்பர் 20-ந் தேதி உங்கர் லாஸ் வேகாசில் மலிவான விடுதி ஒன்றில் அறை எடுத்தார். 22-ந் தேதி கதவைத் திறந்து பார்த்தபோது கட்டிலில் பிணமாகக் கிடந்தார். வயது 45. பல ஆண்டுப் போதைப் பழக்கம் இருதயத்தை அரித்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். வாழ்நாளில் கோடிக்கணக்கில் வென்றவருடைய அறையில் சுமார் 800 டாலர் இருந்தது.

அடக்கச் செலவுக்கு அது போதவில்லை. வந்திருந்த சீட்டாட்டக்காரர்களிடம் ஸ்டூபாக் வசூல் செய்தார்.